எண்ணெய் குடித்த மணல்

ஸ்ஸ்ஸ் என்று ஒன்று, அதற்குள்ளேயே டிக், டிக் என்று இன்னொன்று, பிறகு ஒன்றுமே இல்லை. யாரோ நகத்தால் தகரத்தைச் சுரண்டிவிட்டு, உள்ளே கேட்டுவிட்டதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. கொல்லைப்பக்கம். மாதா கோயிலில் திரிகால ஜெப மணி அடித்து ஓய்ந்து, வெளியே இருட்டு நன்றாக இறங்கிவிட்டது. நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், மடியில் எஸ்தல், பால் குடித்தபடி, கண் பாதி மூடி. எழுந்திருக்க முடியாது. எழுந்தால் இவள் விழிப்பாள், விழித்தால் அழுவாள், அழுதால் இந்த வீட்டில் ஒரு பொம்பளையும் ஒரு கைக்குழந்தையும்தான் இருக்கிறார்கள் என்று கொல்லையில் நிற்கிறவனுக்குத் தெரிந்துபோகும். நிற்கிறவன். அதற்குள் அவனை ஆம்பளையாக்கியாயிற்று, ஒரு சட்டையும் மாட்டிவிட்டாயிற்று, கட்டம் போட்ட சட்டை, ஏன் கட்டம் போட்டது என்று எனக்கே தெரியவில்லை. எஸ்தல் இரண்டு மடக்குக் குடிக்கிறாள், நிறுத்துகிறாள், மூக்கால் ஒரு மூச்சு, மறுபடி இரண்டு மடக்கு. அவள் நிறுத்தும்போதுதான் வெளியே இருப்பதும் நிறுத்துகிறது. அல்லது அவள் குடிக்கும்போது எனக்குக் கேட்கவில்லை. ஸ்ஸ்ஸ். டிக். மறுபடியும்.

பின்கதவு பூட்டவில்லை, அதுதான் விஷயம். சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை. மேல் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கட்டை உளுத்துப்போய் திருகாணித் துளைகள் மட்டும் மிச்சம், வீட்டுச் சொந்தக்காரர் ஆள் அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறார். கீழ்த்தாழ்ப்பாள் தரையிலுள்ள குழிக்குள் இறங்க வேண்டும், இறங்குவதில்லை, நுனி மட்டும் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு ஆடு தலையால் முட்டினாலே கதவு திறந்துகொள்ளும். என் கணவர் ஜூடின் வீட்டில் இருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. அவர் காற்று வருகிறது என்று அந்தக் கதவை ஒட்டித்தான் பாய் போட்டுப் படுப்பார், ஆறடி மனுஷன், அவரே தாழ்ப்பாளாகக் கிடந்தார். இன்றைக்கு மத்தியானம் தூத்துக்குடி துறைமுகத்துக்கு டூட்டிக்குப் போய்விட்டார், டக் போட்டில், கப்பல் இழுக்கிற படகில், இன்ஜின் வேலை, திரும்பி வர அரை மாதம் ஆகும். போகும்போது, "சிலிண்டரைக் கதவுக்கு முட்டு வச்சுக்க பிளாவி" என்றார். "காலியானதா, நிறைஞ்சதா?" "நிறைஞ்சது." "அதை நான் எப்படிங்க இழுப்பேன், பிள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டு?" "இழுக்காண்டாம். உருட்டு." கப்பலையே முட்டித் தள்ளிக் கரை சேர்க்கிற வேலை அவருக்கு. உலகத்தில் எதுவும் லேசாக முட்டினால் நகர்ந்துவிடும் என்கிற நினைப்பு. நான் சிரித்தேன். வெளிச்சத்தில் எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது. பஸ் ஏறிப் போகிறவருக்கு எஸ்தலின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன், திரும்பி வந்து துணி மடித்தேன், டப்பாக்களைக் கட்டினேன், பாட்டுக்கூடப் பாடினேன். சாயங்காலம் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிட்ட பிறகுதான் வீடு பெரிசாக ஆரம்பித்தது. "ஒரு வார்த்தை சொல்லுட்டி, பயமா இருக்குன்னு. காலையில அப்பா காரை எடுத்துட்டு வந்துருவாங்க." ஜெபமாலை முடித்துவிட்டு மறுபடி கூப்பிடுவாள், அப்போது பதில் வேண்டும், அப்பாவுக்குக் காரைப் பார்க்க வேண்டும், டயரில் காற்று அடிக்க வேண்டும், கிளம்ப வேண்டும். போனால் போனதுதான், ஜூடின் வரும்வரை விடமாட்டாள், அதற்குள் ஆடிக்காற்று அடித்து ஓய்ந்துவிடும். இந்தத் தேரியில், இந்தச் செம்மணல் மேட்டில், மணல் எழுந்து நடப்பது இந்தக் காற்றில்தான். போன ஆடிக்கு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். இந்த ஆடியும் கைவிட்டுப் போனால் பதிவை நீட்டித் தர என்னால் முடியாதும்மா என்று ரோஸ்லின் மேடம் சொன்னார், எனக்கு ஆராய்ச்சி வழிகாட்டி, வருத்தத்தோடுதான் சொன்னார். இந்த வீட்டை எடுத்ததே அதற்குத்தான். அம்மாவுக்கு அது விளங்குவதில்லை. "மண்ணு அள்ளுறதுக்கு எதுக்குட்டி எம்.எஸ்ஸி.? லாரிக்காரன் என்ன படிச்சிட்டா அள்ளுதான்?"

லாரிக்காரன் அள்ளுவது லோடு கணக்கில், நான் பார்ப்பது ஒரு மணலை. ஒன்றே ஒன்று, மைக்ராஸ்கோப்புக்கு அடியில், ஊசி முனையால் தள்ளித் தள்ளித் திருப்பிப் பார்க்க ஒரு மணல். அதைச் சொன்னால் ஜூடின் கூடக் கொட்டாவி விடுகிறார். ஆனால் இப்படி இருட்டில் மடியில் பிள்ளையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது மனசு வேறு எங்கெங்கோ போய் முட்டிவிட்டு அங்கேதான் திரும்பி வருகிறது, வந்தால் கொஞ்சம் இளைப்பாறுகிறது. அது மேற்கே மலையில் பாறையாக இருந்தது. வெயில் விரிக்கிறது, மழை ஊறுகிறது, பக்கத்தில் ஒட்டியிருந்தவையெல்லாம் மாவாகிக் களிமண்ணாகப் போகின்றன, குவார்ட்ஸ் மட்டும் அப்படியே உதிர்ந்து ஆற்றில் விழுகிறது, உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி, எல்லாப் பக்கமும் மூலை. ஆறு அதை எவ்வளவு உருட்டினாலும் மூலை அவ்வளவாக மழுங்குவதில்லை. கடலும் அலையில் போட்டுப் புரட்டிப் பளபளப்பாக்குகிறதே தவிர உருண்டையாக்குவதில்லை. தண்ணீர் நல்லது. ஒன்றின்மேல் ஒன்று மோதப் போகும்போது நடுவில் புகுந்து சண்டை விலக்கிவிடுகிறது. காற்றில்தான் விலக்க ஆள் கிடையாது. கரையிலிருந்து காற்று தூக்குகிறது, ஒரு முழம் எம்பி விழுகிறது, விழுந்த இடத்தில் இன்னொன்றை இடித்து எழுப்பிவிடுகிறது, அது போய் வேறொன்றை. எத்தனை ஆயிரம் வருஷம் அப்படி. மூலையெல்லாம் போய், உருண்டு, பளபளப்பும் போய், குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலாக ஆகிறது. தேரி மணலைக் கையில் வைத்து மூடினால் குத்தாது, அதனால்தான். எஸ்தல் பிறந்தபோது தலை நீளமாக இருந்தது, சுரைக்காய் மாதிரி, நான் பார்த்துவிட்டு அழுதேன், வரும் வழியில் நெருக்கிய நெருக்கு அது, தானாக உருண்டையாகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். நான் நம்பவில்லை. ஆயிற்று. இப்போது என் முழங்கை மடிப்பில் சரியாகப் பொருந்துகிற உருண்டை, உச்சியில் அந்த மெத்தென்ற இடம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கிறது, கை வைக்கவே பயம், கை வைக்காமல் இருக்கவும் பயம். நின்றுவிட்டதா? இல்லை. துடிக்கிறது. இரண்டு மடக்கு, ஒரு மூச்சு. என் வயிற்றில் அவள் கால் சூடாக இருக்கிறது. இந்தச் சூட்டுக்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. பயத்துக்குள்ளேயே இப்படி ஒரு நிறைவு இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஸ்ஸ்ஸ். காது தானாக நிமிர்கிறது. கான்வென்ட் விடுதியிலும் இப்படித்தான், ஆறாம் வகுப்பிலிருந்து, ஒரு பெரிய அறை, வரிசையாகக் கட்டில், சிஸ்டர் பசில்லா விளக்கை அணைத்துவிட்டு, "மாதா பார்த்துக்கொள்வார், பேச்சு வரக் கூடாது" என்று சொல்லி வெளியே போய்க் கதவைச் சாத்துவார், அப்புறம் ஒரு சத்தம், இரும்பு இரும்பில் ஏறுகிற சத்தம். வெளியிலிருந்துதான் பூட்டுவார். எங்கள் பாதுகாப்புக்காக. மற்ற பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தூங்கிவிடுவார்கள், எனக்கு அதற்குப் பிறகுதான் கண் திறக்கும். வராந்தாவில் யாரோ நடக்கிறார்கள், பக்கத்துக் கட்டில் மெட்டில்டாவைத் தொட்டு, "ஏய், கேக்குதா?" என்பேன், அவள், "ஆமாப்பா, உன் வயித்துல. ராத்திரி சாம்பார்" என்பாள். எனக்கு வெளியே நடக்கிறவனைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை. தாழ்ப்பாள் அவன் நிற்கிற பக்கத்தில் இருக்கிறது, அதுதான் பயம். விடுதியை விட்டு வீட்டுக்கு வந்தால் அப்பா பூட்டுவார், எல்லோரும் படுத்த பிறகு ஒவ்வொரு கதவாக, இருமிக்கொண்டே. கல்யாணம் ஆகி மணப்பாட்டுக்குப் போனால் அங்கே மாமி. மாமியிடம் தாழ்ப்பாளுக்கு ஒரு பூசையே உண்டு. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஒரு கோழி இறகை எடுத்துத் தேங்காய் எண்ணெயில் முக்கி, வீட்டிலுள்ள அத்தனை தாழ்ப்பாள், கீல், சாவி, மாமாவின் சைக்கிள் செயின் வரை தடவிக்கொண்டே வருவாள். கடலோரம், உப்புக் காத்து, ஒரு வாரம் விட்டால் இரும்பு பூத்துவிடும். நாங்கள் தேரிக்குக் குடிவந்தபோது மற்றப் பாத்திரங்களோடு ஒரு குப்பி எண்ணெயும் ஒரு வெள்ளைச் சேவல் இறகும் கட்டிக்கொடுத்தாள். "மறந்துராத மக்களே, கதவுதான் வீட்டுக்கு மானம்." நானும் ஒரு சனிக்கிழமை தவறவிடவில்லை. தரைக் குழிக்குள்ளும் நன்றாகவே விட்டேன், தாராளமாக. அப்படியும் இறங்க மாட்டேன் என்கிறது. ஆக இத்தனை வயசுக்கு நான் ஒரு ராத்திரிகூட ஒரு வீட்டைப் பூட்டியதில்லை. இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் மார்பு குலுங்கி எஸ்தல் புருவத்தைச் சுருக்குகிறாள்.

டிக். டிக் டிக். இது கீழே இருந்து வருகிறது. ஸ்ஸ்ஸ் என்பது அதற்கு மேலே. காற்று எழும்பும்போது இரண்டும் சேர்ந்து வருகின்றன, விழும்போது சேர்ந்து நிற்கின்றன. சுரண்டுகிறவன் எதற்குக் காற்றைக் கேட்டுச் சுரண்ட வேண்டும்? கீழே பெரிசு பெரிசாகத் தனித்தனியாக விழுகிறது, மேலே பொடிசாக ஒன்றாகப் பாய்கிறது. கீழே எம்பிக் குதிக்கிறவை, கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், கனமானவை, முழங்காலுக்கு மேல் ஏற முடியாதவை. மேலே லேசானவை. பிளாவியா, உனக்கு எம்.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம் வேறு. டப்பாக்கள். மத்தியானம் நானேதான் கட்டினேன், எஸ்தலின் காலிப் பால்பவுடர் டப்பாக்கள், முருங்கைக் கட்டையில் ஒன்று தரையோடு, ஒன்று முழங்கால் உயரத்தில், ஒன்று இடுப்பு உயரத்தில், வாய் மேற்கே பார்த்து. எந்த உயரத்தில் எந்த மணல் பறக்கிறது என்று பிடித்துப் பார்க்க. பாட்டுப் பாடிக்கொண்டே கட்டினேனே. என் மணல் என் டப்பாவில் விழுகிற சத்தத்துக்கு நான் இவ்வளவு நேரமாக ஒருவனைப் பெற்றுச் சட்டை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். உடம்பெல்லாம் இளகிவிட்டது, கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது, அப்படியே தலையைச் சுவரில் சாய்த்தேன். அப்போதுதான் கேட்டது, மணல் இல்லை, செருப்பு. சரக், சரக் என்று கொல்லையைத் தாண்டிப் படியேறி, பின்கதவு கிறீச்சென்று திறந்து, நிஜமாகவே திறந்து, எனக்கு எப்படி எழுந்தேன் என்று தெரியாது, ஒரு கையில் எஸ்தலை நெஞ்சோடு இறுக்கி, மறு கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நிற்கிறேன், அகப்பட்டது கிலுகிலுப்பை, அது கலகலவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. எதிரே ரெஜினக்கா, கையில் மூடிபோட்ட கிண்ணம். பக்கத்துத் தோட்டத்து வீடு, முருங்கையும் ஆடும் வைத்திருக்கிறவள். "ஏ பிள்ளே, கிலுகிலுப்பையக் காட்டியா கள்ளன வெரட்டப்போற? அவன் உக்காந்து வெளையாடிட்டுல்லா போவான்" என்று சொல்லி அப்படிச் சிரித்தாள், கிண்ணத்துக் குழம்பு தளும்பியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "சாள மீன் கொழம்பு. தனியா இருக்கியே, பொங்கித் தின்னுருப்பியோ மாட்டியோன்னு. என்னது, தொட்டவுடனே கதவு தொறக்கு? பூட்டலியா?" "தாழ்ப்பாள் இறங்க மாட்டேங்குதுக்கா." "எண்ணெய விடு." "வாராவாரம் விடுறேன்க்கா." "காணாது. இன்னும் நல்லா விடு." அவளும் கடற்கரையிலிருந்து இங்கே வாழ வந்தவள்தான், அவள் மாமியும் அவளுக்கு ஒரு இறகு கொடுத்திருப்பாள். எஸ்தல் கன்னத்தில் ஒரு விரலை வைத்துவிட்டுக் கேட்டாள், "நான் வந்து படுத்துக்கிடட்டா? எங்க வீட்டாளு கொறட்டைலேருந்து எனக்கும் ஒரு நா விடுதலை." சரி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சரி என்றால் இன்று ராத்திரி தூங்கலாம். நாளைக்கு? நாளை மறுநாள்? அவள் பேத்திக்குக் காய்ச்சல் வருகிற நாளில்? இன்று இந்தக் கதவோடு நான் தனியாக இருக்க முடியாது என்றால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான். "வேண்டாம்க்கா. கூப்பிட்டா வருவீங்கல்ல?" "எதுக்குக் கூப்புடுத? அந்தக் கிலுகிலுப்பைய ஒரு ஆட்டு ஆட்டு, வந்துருதேன்." போய்விட்டாள். செருப்புச் சத்தம் மணலில் அமுங்கி, வேலிப்படல் இழுபட்டு, பிறகு டப்பாக்கள் மட்டும், ஸ்ஸ்ஸ், டிக்.

எஸ்தலைத் தொட்டிலில் போட்டேன், ஆச்சரியம், விழிக்கவில்லை. விளக்குப் போட்டு, கதவின் முன்னால் மண்டியிட்டு, எண்ணெய்க் குப்பியைத் திறந்தேன். இன்னும் நல்லா விடு. விடுவதற்கு முன் என்னவோ, குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். விரலின் முதல் கணு கூடப் போகவில்லை, முட்டியது, நகத்தால் கீறி எடுத்தேன், கருஞ்சிவப்பாக ஒரு பசை, விளக்குக்கு நேரே பிடித்தால் ஒவ்வொரு பொடியும் மினுங்குகிறது, ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு. பார்த்துக்கொண்டே இருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. தேரி ஏன் சிவப்பு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். கரும்பொடிகளில் இருக்கும் இரும்பு பனியிலும் மழையிலும் துருவாகிக் கரைந்து, பக்கத்து மணல் ஒவ்வொன்றின்மேலும் தோலாகப் படிகிறது, அதனால் சிவப்பு, அந்தத் தோல் தடித்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கெட்டியாகிறது. காய்ந்த மணல் ஓடும், பூச்சு ஏறிய மணல் நிற்கும். இதை எழுதி மார்க் வாங்கியவள் வாராவாரம் தன் வீட்டுக் கதவுக் குழியில் எண்ணெய் ஊற்றி, காற்று கதவிடுக்கு வழியாகக் கொண்டுவந்து போட்டதையெல்லாம் படுகை படுகையாக ஒட்டி வளர்த்து வைத்திருக்கிறாள். கடலோரத்தில் சத்துரு உப்பு, அங்கே இறகு சரி. இங்கே உப்பு இவ்வளவு தூரம் வருவதில்லை, வருவது மணல். நான் எண்ணெயே விடாமல் இருந்திருந்தால், ஒரு தடவை துடைப்பத்தால் தட்டினால் குழி காலியாகியிருக்கும். மாமிமேல் கோபம் வரவில்லை, என்மேலும் வரவில்லை, நிஜத்தைச் சொன்னால் ஒரு சந்தோஷம் வந்தது, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி. மணலைப் பார்ப்பதற்கு முன்னால் கழுவு. ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லித் தருவதே அதுதான். அடுப்பில் வெந்நீர் வைத்தேன், பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்தேன். எஸ்தலின் பால்புட்டி பிரஷ், மருந்துக் கரண்டியின் காம்பு, சளி பிடித்தால் அவள் மூக்கை உறிஞ்சி எடுக்கிற ரப்பர் குமிழ். ஊற்றினேன், தேய்த்தேன், குமிழால் உறிஞ்சிக் கிண்ணத்தில் பீய்ச்சினேன், மறுபடி ஊற்றினேன். நுரை பழுப்பாக வந்தது, அப்புறம் சிவப்பாக, அப்புறம் அடியில் கருப்பு, கனம் கனமாக. கதவிடுக்கு தரையோடு தரையாக இருக்கிறது, தாழப் பறப்பவைதான் இங்கே வரும், தரையோடு கட்டிய டப்பாவில் என்ன கிடைக்கும் என்பதை இந்தக் குழி எனக்கு முன்னாலேயே பிடித்து வைத்திருக்கிறது. ஒரு சிட்டிகையைத் துணியில் ஒற்றி எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. உருண்டையாக ஒரு குவார்ட்ஸ். மேடான இடமெல்லாம் உரசி உரசிச் சிவப்புப் போய் வெளுத்திருக்கிறது, அடிபட்டுக் குழிந்த இடங்களில் மட்டும் சிவப்பு அப்படியே இருக்கிறது. எந்தச் சோப்பும் அதை எடுக்காது. எடுக்க வேண்டியதும் இல்லை, அதோடுதான் அது உருள்கிறது.

அப்போது போன் அடித்தது. கை ஈரம், ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். "சாப்பிட்டியாட்டி?" "சாளக் குழம்பு, ரெஜினக்கா தந்தாங்க, இனிமேத்தான்." "பிள்ளை?" "தூங்குறா." "நீ என்ன, மூச்சு வாங்குது?" "கதவைக் கழுவுறேன்ம்மா." "இந்நேரத்துலயா? உனக்கு என்ன கிறுக்கா?" பின்னால் அப்பா இருமுகிற சத்தம் கேட்டது, அங்கே இன்னும் பூட்டவில்லை போலிருக்கிறது. "அப்பா கேக்காங்க, காலையில கெளம்பணுமா வேண்டாமான்னு. ஒரே வார்த்தை. பயமா இருக்கா, இல்லியா?" இல்லை என்று சொல்லிவிடலாம், மெல்லிசான பொய், சிஸ்டர் பசில்லாவிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். வெளியே ஸ்ஸ்ஸ் என்று மேல் டப்பா. தொட்டிலுக்குள் ஒரு சின்னப் பெருமூச்சு. "இருக்கும்மா" என்றேன். "அப்படிச் சொல்லு. அப்போ காலையில—" "இருந்துட்டுப் போகுது. அப்பா தூங்கட்டும். நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க ரெண்டு பேரும், பிள்ளையைப் பார்க்க." அம்மா அந்தப் பக்கம் திரும்பி அப்பாவிடம் என்னவோ சொன்னாள். நான் குழியைத் துணியால் துடைத்து, குமிழால் ஒரு ஊது ஊதி, கதவை இழுத்து நேராக்கி, தாழ்ப்பாளைப் பிடித்து இறக்கினேன். பாதி வழியில் நின்றது. எங்கோ ஒரே ஒரு மணல், நறநறவென்று. முட்டினால் நகரும் என்று ஜூடின் நினைப்பது ஞாபகம் வந்து, உள்ளங்கையால் லேசாக ஒரு முட்டு முட்டினேன், அந்த ஒன்று விலகியது எனக்குக் கையிலேயே தெரிந்தது, தாழ்ப்பாள் அடிவரைக்கும் இறங்கி ணங்கென்று உட்கார்ந்தது.

"அது என்னட்டி சத்தம்?" அம்மா பதறிப்போய்க் கேட்டாள். "பின்கதவும்மா. பூட்டியாச்சு." "யாரு பூட்டுனா?" "நான்தாம்மா. உள்ளேயிருந்து."